பிறர் வகுத்த யாப்பில்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதையும் சிறுகதையும் திறனாய்வும் பேசப்பட்டு வந்த இவ்வரங்கில், கணிப்பொறி விளையாட்டை ஒட்டிய ஒரு பொருளைப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். இது இலக்கிய வட்டத்திற்கு உரியதுதானா என்ற ஐயம் உங்களுக்கு எழுவது இயல்பே. விளையாட்டின் பெருமையைப் பேசுவது என் நோக்கம் அன்று. விளையாட்டை விலைகொடுத்து வாங்கிய சாதாரண மனிதர்கள், அதை ஆடி முடித்ததோடு அமையாமல், அதன் உள்ளே புகுந்து, தாம் அறிந்த வரலாறுகளையும் தம் கற்பனைகளையும் அதில் எழுதிவைத்தார்கள். ஊதியம் பெறாமல், பெரும்பாலும் புனைபெயர்களில், ஒருவர் எழுதியதை மற்றவர் ஆடிப் பார்த்துத் திருத்தம் சொல்ல, கால் நூற்றாண்டுக்கும் மேலாக இப்பணி நடந்து வருகிறது. சிற்றிதழ் நடத்தியும் அதில் எழுதியும் பழகிய நமக்கு இது அந்நியமான செய்தி அன்று. அவர்கள் செய்ததைப் படைப்பு என்று கொள்ளலாமா, கொண்டால் அதை எந்த அளவுகோலால் அளப்பது என்பவையே இன்று என் கேள்விகள்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாடுகள், நகரங்கள், படைகள், செல்வம் ஆகியவற்றைத் திட்டமிட்டு நடத்தும் ஆட்டத்தை வியூக விளையாட்டு என்கிறோம். அதில் ஒரு குறிப்பிட்ட நிலப்படம், காலம், எதிரிகள், தொடக்க நிலை, வெற்றிக்கான நிபந்தனை என்பவற்றை வகுத்து அமைத்த தனி ஆட்டத்திற்குச் சினாரியோ என்று பெயர். நான் அதைக் ‘களம்’ என்றே குறிப்பிடப் போகிறேன். போர்க்களம் என்ற பொருள் அச்சொல்லுக்கு உண்டு. நம் நாடக நூல்களில் அங்கத்தின் உட்பிரிவுக்கும் களம் என்ற பெயர் உண்டு. இரண்டு பொருளும் இங்கே பொருந்தும்.

களம் அமைக்கும் பழக்கம் கணிப்பொறிக்கு முந்தியது. 1824ஆம் ஆண்டில் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர்ப் பயிற்சி ஆட்டத்திலேயே விதிகள் நிலையானவை. ஆடப்படும் நிலைமையை நடுவர் வகுத்துக் கொடுப்பார். கணிப்பொறிக் காலத்தில், 1981இல் கிறிஸ் கிராஃபோர்டு என்பவர் 1941ஆம் ஆண்டின் கிழக்குப் போர்முனையைப் பொருளாக வைத்து அட்டாரி இயந்திரத்திற்கு ஒரு விளையாட்டு எழுதினார். பின்னர் அதற்குக் களம் அமைக்கும் கருவியையும், விளையாட்டின் மூல நிரலையுமே வெளியிட்டார். 1986இல் எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் போர் ஆட்டங்களை அவரவரே கட்டிக்கொள்வதற்கென்றே ஒரு மென்பொருளை விற்றது. ஆக, ஆடுபவன் கையில் எழுதுகோலைக் கொடுக்கும் எண்ணம் இத்துறையில் தொடக்கத்திலிருந்தே இருந்து வந்திருக்கிறது.

எனினும் இக்கலை தனக்கென ஒரு மரபை அடைந்தது ‘சிவிலிசேஷன்’ விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் என்பது என் கருத்து. சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் சேர்ந்து உருவாக்கிய முதற்பதிப்பு 1991இல் மைக்ரோபுரோஸ் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பிரையன் ரெனால்ட்ஸ் தலைமையில் உருவான இரண்டாம் பதிப்பு 1996இல் வந்தது. அதில் நிலப்படம் வரையும் கருவி இருந்தது. எந்த நகரத்தையும் எந்தப் படையையும் விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ள உதவும் பட்டியல் இருந்தது. இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று: விளையாட்டின் விதிகள் பெரும்பாலும் எவரும் திறந்து படிக்கத்தக்க எளிய எழுத்துக் கோப்பில் வைக்கப்பட்டிருந்தன. படங்களும் சாதாரண ஓவிய மென்பொருளில் திறக்கும் கோப்புகளாகவே இருந்தன.

அந்த விதிக்கோப்பைத் திறந்தால், லீஜன் என்ற உரோமக் காலாட்படை ஒரே வரியில் கிடக்கும். தாக்கும் வலிமை 4. காக்கும் வலிமை 2. ஒரு முறைக்கு நகரும் கட்டம் 1. அவ்வரியில் லீஜன் என்ற பெயரை அழித்து வேறொரு பெயரை எழுதலாம், எண்களை மாற்றலாம், அப்படையை உருவாக்க எந்த அறிவு முன்னதாக வேண்டும் என்பதையும் மாற்றலாம். அவ்விடத்தில் ‘நில்’ என்று எழுதினால் அது தொடக்கத்திலிருந்தே எவர்க்கும் கிட்டும். ‘நோ’ என்று எழுதினால் எவர்க்கும் கிட்டவே கிட்டாது. நிரல் எழுதும் கல்வி எதுவும் இல்லாத ஒருவர், ஒரு சொல்லை அழித்து மற்றொரு சொல்லை எழுதுவதன் மூலம் ஓர் உலகத்தை மாற்றிவிட முடிந்தது. சொல்லோடு புழங்கும் நமக்கு இதன் சுவை தெரியும்.

அதே 1996இன் இறுதியில் வந்த இணைப்புத் தொகுதியில் இருபது களங்கள் இருந்தன. அவற்றுள் எட்டு, ஆர்வலர்கள் தாமே அமைத்து இணையத்தில் உலவவிட்டவற்றிலிருந்து தேர்ந்தவை. அத்தொகுதியோடு நிகழ்ச்சிகளை எழுதுவதற்கான ஒரு சிறுமொழியும் கிடைத்தது. ‘இது நடந்தால் இது நிகழ்க’ என்ற ஒரே வாக்கிய வடிவம்தான் அம்மொழி. ஒரு நகரம் வீழ்ந்தால், ஒரு படை அழிந்தால், குறித்த ஒரு முறை வந்தால் என்பவை அதன் முன்பாதி. செய்தி தோன்றுக, புதிய படை எழுக, கருவூலம் கூடுக அல்லது குறைக, நிலம் மாறுக என்பவை பின்பாதி.

இச்சிறுமொழியின் ஆற்றலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். விளையாட்டின் இயல்பான விதிப்படி, பகைவன் நகரைப் பிடித்தவனுக்குப் பொன் கிடைக்கும். ஆனால் 1812 செப்டம்பரில் நெப்போலியன் மாஸ்கோவுக்குள் நுழைந்தபோது அவனுக்குக் கிடைத்தது எரியும் நகரம். அக்டோபரில் பசியோடும் குளிரோடும் திரும்பி நடந்தான். இக்களத்தை அமைப்பவர், ‘மாஸ்கோ வீழ்ந்தால் பிடித்தவனின் கருவூலம் குறைக; சுற்றியுள்ள விளைநிலம் பாழாகுக’ என்று இரண்டு வரி எழுதினால் போதும். வெற்றியே தோல்வியாகும் அந்த முரண், ஆடுபவன் படித்து அறிவதாக இல்லாமல், தானே சென்று மோதி அறிவதாகிவிடுகிறது. நூறு பக்கக் கட்டுரை செய்ய வேண்டியதை அவ்விரண்டு வரிகள் செய்கின்றன.

இனி, இக்கலையின் கட்டுப்பாடுகளைக் காண்போம். அந்த விளையாட்டில் நாடுகள் ஏழுதான். அவை தவிர நாடற்ற கொள்ளைக் கூட்டம் ஒன்று. நிலப்படத்தில் பத்தாயிரம் கட்டங்களுக்கு மேல் ஆகாது. உலகம் முழுவதிலும் 255 நகரங்களுக்கு மேல் இருக்க முடியாது. உலக அதிசயங்களின் பெயரை மாற்றலாம், பயனை மாற்ற முடியாது. சீனப் பெருஞ்சுவருக்கு எந்தப் பெயரைச் சூட்டினாலும், அதைக் கட்டியவனின் நகரங்களுக்கெல்லாம் மதில் இருப்பதாகவே இயந்திரம் கொள்ளும். ஆகவே களம் அமைப்பவர், அப்பயனுக்குப் பொருந்தும் பொருளைத் தம் வரலாற்றில் தேடிக் கண்டெடுக்க வேண்டும். எதுகைக்குச் சொல் தேடும் புலவன், தேடிய இடத்தில் எதிர்பாராத பொருளைக் கண்டு வியப்பதில்லையா? அந்த வியப்பு இங்கும் நிகழ்ந்தது.

குறட்பாவுக்கு ஏழு சீர். இக்களத்துக்கு ஏழு நாடு. இரண்டிலும் எதை விடுவது என்பதே கலை. முப்பது அரசுகள் மோதிய ஒரு போரை ஏழு இருக்கைகளுக்குள் அமர்த்தும்போது, எந்த அரசுகளை ஒன்றாகச் சேர்ப்பது, எதை நடுநிலை என்ற ஒரே வண்ணத்துக்குள் அடைப்பது, எதைக் கொள்ளைக் கூட்டம் என்று ஒதுக்குவது என்பவை வரலாற்றைப் பற்றிய தீர்ப்புகள் ஆகின்றன. பாடநூல் எழுதுபவர் ஒரு தொடரில் மழுப்பிக் கடந்துவிடலாம். களம் அமைப்பவருக்கு அந்த வசதி இல்லை. இருக்கை உண்டு, அல்லது இல்லை.

கட்டுப்பாட்டை மீறத் துடித்த இடங்களில் அவர்கள் கண்ட வழி இன்னும் நுட்பமானது. இயந்திரத்தால் தடுக்க இயலாதவற்றை ஆடுபவரின் நாணயத்திடம் ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு களத்தோடும் ஒரு விளக்கக் கோப்பு வரும். அதில் வரலாற்றுப் பின்னணி, படைகளின் விவரம், உதவியவர்க்கு நன்றி, அதன்பின் சில வேண்டுகோள்கள்: இன்ன படையைக் கொண்டு இன்ன எல்லையைக் கடக்க வேண்டா, இன்ன ஆண்டுக்கு முன் இன்னாரோடு போர் தொடுக்க வேண்டா. இவற்றை மீறினால் இயந்திரம் கண்டுகொள்ளாது. ஆட்டம் மட்டும் பொய்யாகும். நம் மரபில் நூலுக்கு முன் நிற்கும் பாயிரம் செய்யும் வேலையை இக்கோப்பு செய்தது. படிப்பவனைத் தகுதியுடையவனாக நம்பி எழுதப்பட்ட பாயிரம் அது.

1997இல் வந்த அடுத்த தொகுதி கற்பனை உலகங்களுக்குக் கதவு திறந்தது. செவ்வாய்க் கோளும் ஜூல் வெர்னின் உலகமும் களங்களாயின. 2001இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தச் சிறுமொழி இல்லாமற் போகவே, ஆர்வலர் பலர் புதியதை ஏற்காமல் பழையதிலேயே தங்கிவிட்டனர். அழகிய படங்களை விட, எழுத இடம் கொடுக்கும் விதிக்கோப்பே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. 2005இல் வந்த நான்காம் பதிப்பு மீண்டும் கதவைத் திறந்தது. அதன் 2007ஆம் ஆண்டு இணைப்புத் தொகுதியில், காப்ரியேலே ட்ரோவாட்டோ என்ற ஆர்வலர் அமைத்த வரலாற்றுக் களமும், டெரெக் பேக்ஸ்டன் குழுவினரின் புனைவுக் களமும் இடம்பெற்றன. பேக்ஸ்டன் பின்னர் இத்துறையையே தொழிலாகக் கொண்டார்.

இப்போது அளவுகோல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். களங்கள் பெரும்பாலும் போரைப் பாடுபவை. போரைப் பாடும் மரபு நம்மிடம் நெடியது. மெய்க்கீர்த்தி என்ற வடிவத்தை எண்ணிப் பாருங்கள். வென்ற நாடுகள் அதில் பட்டியலாக வரும். தோற்றவர்கள் அதில் பேசுவதில்லை. பரணியோ வேறு. வென்றவனைப் புகழ்வதுதான் அதன் நோக்கமும்; ஆயினும் அந்நூல் தோற்றவர் பெயராலேயே வழங்கும். குலோத்துங்கன் வென்றான், நூலின் பெயர் கலிங்கத்துப் பரணி. தோற்றவன் இல்லாமல் வெற்றியைச் சொல்ல முடியாது என்ற உண்மையை அம்மரபு தலைப்பிலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

களம் என்ற வடிவம் இதனினும் ஒரு படி மேலே செல்லக் கட்டாயப்பட்டது. தோற்றவனுக்கு வெல்லும் வாய்ப்பே இல்லையென்றால் அங்கே ஆட்டம் இல்லை. ஆகவே தோற்றவனின் கருவூலம் எவ்வளவு, அவன் நகரங்கள் எங்கே, அவன் எந்த இடத்தில் வேறு முடிவை எடுத்திருக்கக் கூடும் என்பவற்றை அமைப்பவர் ஆராய்ந்தே தீர வேண்டும். அவன் இடத்தில் அமர்ந்து பலமுறை ஆடிப் பார்க்க வேண்டும். வென்றவன் எழுதிய வரலாற்றை மட்டும் படித்தவரால் நல்ல களம் அமைக்க இயலாது. இதை நான் இவ்வடிவத்தின் அறம் என்பேன். ‘இக்களம் தோற்றவனுக்கு என்ன தந்தது?’ என்பதே நான் முன்வைக்கும் அளவுகோல்.

இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் குறைகளும் தெரியும். மூல விளையாட்டில், எந்த நாட்டுக்கும் உட்படாத பழங்குடிகள் நிலப்படத்தில் குடிசைகளாக மட்டுமே இருக்கிறார்கள். படை அக்குடிசைக்குள் புகுந்தால் பொன் கிடைக்கும், அறிவு கிடைக்கும், அல்லது கொள்ளையர் பாய்வார்கள். எப்படியாயினும் குடிசை மறைந்துபோகும். அமெரிக்கக் கண்டங்கள் கைப்பற்றப்பட்ட கதையைக் களமாக்க வருபவர், அம்மக்களைக் குடிசைகளாகவே விட்டுவைக்கலாம். அல்லது ஏழு இருக்கைகளில் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்து, நகரமும் படையும் பெயரும் தரலாம். ஒரு கோப்பில் செய்யும் சிறு மாற்றந்தான். ஆனால் ஒரு மக்கள் கூட்டம் வரலாற்றில் செயல்படுபவரா, செயல்படுத்தப்படுபவரா என்பது அங்கே முடிவாகிறது.

இன்னொன்றை எவராலும் சரிசெய்ய முடியவில்லை. இரண்டாம் உலகப்போர் களங்களுக்கு என்றும் பெரும் வரவேற்பு உண்டு. அக்களங்களில் ஜெர்மனியின் இடத்தில் அமர்ந்து ஆடுபவன் எண்ணெய், எஃகு, பனிக்காலம் பற்றிக் கவலைப்படுகிறான். வதைமுகாம்கள் அந்த ஏட்டில் இல்லை. அவற்றை விளையாட்டின் ஒரு செயலாகச் சேர்ப்பது அருவருப்பு. சேர்க்காமல் விடுவது பொய். நகரங்களையும் உற்பத்தியையும் எண்ணத் தெரிந்த ஒரு வடிவத்துக்கு, இறந்தவனை எண்ணத் தெரியாது. மனச்சான்றுள்ள ஒருவர் விளக்கக் கோப்பில் இதைச் சொல்லலாம். களத்துக்குள் சொல்ல இயலாது. எந்த யாப்பிலும் சொல்ல முடியாத ஒன்று இருக்கும். அது எதுவென்று அறிந்து எழுதுபவனே அந்த யாப்பை ஆள்பவன்.

அடுத்தது உரிமை. 2002இல் பிளிசார்டு நிறுவனம் வெளியிட்ட ‘வார்கிராஃப்ட்’ மூன்றாம் பதிப்போடு களம் அமைக்கும் கருவியும் வந்தது. அதைக் கொண்டு ஆர்வலர்கள் 2003இல் ‘டோட்டா’ என்ற களத்தை அமைத்தார்கள். கைமாறிக் கைமாறி வளர்ந்த அக்களம், விளையாட்டுத் துறையில் ஒரு புதிய வகையையே தோற்றுவித்தது. பின்னர் அப்பெயர் யாருக்குரியது என்று இரண்டு பெரிய நிறுவனங்கள் வழக்காடி, 2012இல் உடன்பாடு கண்டன. 2020இல் அதே விளையாட்டின் புதுப்பதிப்பு வந்தபோது, அதில் ஆர்வலர் அமைக்கும் களங்கள் அனைத்தும் தனக்கே உரியவை என்று பிளிசார்டு நிறுவனம் விதி வகுத்தது. வாரத்துக்கு உழுபவனுக்குக்கூட விளைச்சலில் ஒரு பங்கு உண்டு. பிறர் வகுத்த யாப்பில் பாடியவனுக்குப் பாட்டு சொந்தமில்லை என்று எந்தப் புலவர் அவையும் சொன்னதில்லை. வெண்பாவைக் கண்டவர் உரிமை கோரியிருந்தால் நம்மில் எவருக்கும் சொந்தமாக ஒரு வரி மிஞ்சியிராது.

அழிவும் இதனோடு சேர்ந்த செய்தி. 1996ஆம் ஆண்டின் அந்த இரண்டாம் பதிப்பு 16 பிட் மென்பொருள். இன்றைய 64 பிட் விண்டோஸ் அதை உள்ளபடி இயக்காது. நிறுவனம் கைவிட்டதை ஆர்வலர்களே திருத்தி இயங்கச் செய்தார்கள். 1999இல் வந்த ‘டெஸ்ட் ஆஃப் டைம்’ என்ற பதிப்புக்கு, லுவா என்னும் நிரல்மொழியில் நிகழ்ச்சிகளை எழுதும் வசதியையும் தாமே சேர்த்தார்கள். இயந்திரம் போனாலும் களங்களின் விதிக்கோப்புகளைப் படிக்க முடிகிறது. அவை எளிய எழுத்தில் இருப்பதே காரணம். நம் வட்டத்தின் பத்தாண்டுத் தாள்களை எந்த வடிவில் விட்டுச் செல்கிறோம் என்பதை இந்த ஆண்டு விழாவில் நாமும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

நிறைவாக நம் மண்ணைத் தொடும் ஒரு செய்தி. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்ற மற்றொரு வியூக விளையாட்டின் இரண்டாம் பதிப்பு 1999இல் வந்தது. அதிலும் நிபந்தனையும் விளைவும் எழுதிக் களம் அமைக்கும் கருவி உண்டு. அவ்விளையாட்டின் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து 2012இல் தாமே ஒரு விரிவாக்கத்தை வெளியிட்டனர். மறுஆண்டே அது அதிகாரப்பூர்வமான விரிவாக்கமாக ஏற்கப்பட்டது. ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்ற அக்குழு ஒரு நிறுவனமாகி, 2022இல் இந்திய அரச மரபுகளைப் பற்றிய தொகுதியை உருவாக்கியது. அதில் திராவிடர் என்ற பெயரில் ஒரு நாடு இருக்கிறது. உருமி வீசும் வீரன் இருக்கிறான். நம் உருக்கு எஃகு இருக்கிறது. இராசேந்திர சோழனின் கதை தொடர்களங்களாக இருக்கிறது. ஊதியமின்றிக் களம் எழுதிய ஆர்வலர் மரபின் வழியாகவே கங்கைகொண்டான் உலகெங்கும் ஆடப்படும் ஒரு விளையாட்டுக்குள் நுழைந்தான் என்பது மகிழத்தக்க செய்தி.

மகிழ்ச்சியோடு நின்றுவிட வேண்டா என்பதே என் வேண்டுகோள். 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பை நாம் மெய்க்கீர்த்தி வழியாகவே அறிந்து பழகியிருக்கிறோம். சோழன் இடத்தில் அமர்வது நமக்கு எளிது. அதே விளையாட்டில் 2016 முதல் மலாய் மக்களுக்கும் ஒரு நாடு உண்டு. களம் அமைக்கும் கருவியும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. கடாரத்துக் கரையில் நின்று, கிழக்கு நோக்கி வரும் கலங்களைக் காண்பவனின் களத்தை நம்மில் ஒருவர் அமைக்கட்டும். அவனுக்கு எத்தனை கப்பல்கள், எந்தத் துறைமுகம், தப்ப எந்த வழி என்று ஆராயட்டும். சோழனுக்கு எதிராக நேர்மையாக ஆடி, வெல்லவும் ஒரு வாய்ப்பை அவனுக்குத் தரட்டும். அக்களத்துக்குக் கடாரத்துப் பரணி என்று பெயரிட நம் மரபே இடம் தருகிறது.